கெடு நெருங்கும் வாரத்தில் வருமான வரிக் கணக்கைத் தயாரிப்பது எப்படி

2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு, ஐடிஆர்-1 அல்லது ஐடிஆர்-2 படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் 2026 ஜூலை 31 கடைசி நாள். போன ஆண்டு இந்தக் கெடு செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போய், பிறகு இன்னும் ஒரு நாள் கூடியது. அந்த நினைவில், இந்த முறையும் நீட்டிப்பார்கள் என்று காத்திருப்பவர்கள் பலர். ஆனால் படிவங்கள் பெரிதாக மாறியதால் வந்த நீட்டிப்பு அது. மே மாதத்திலேயே அறிவித்துவிட்டார்கள். ஜூலை கடைசி வாரத்தில் அப்படி ஓர் அறிவிப்பை எதிர்பார்த்து வேலையைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

கெடு தவறினால் 5,000 ரூபாய் அபராதம், அவ்வளவுதானே என்று பலர் எண்ணுகிறார்கள். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய். அதற்கு மேல் இருந்தால் 5,000 ரூபாய் என்பது சரிதான். பாக்கி வரி இருந்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டியும் சேரும். மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் முழு மாதமாகவே கணக்கிடுவார்கள். ஆனால் பெரிய இழப்பு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான், பல வகைக் கழிவுகளைத் தரும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தவறினால், வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப் படியும் எவ்வளவு இருந்தாலும், விகிதம் குறைந்தாலும் பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய முறையில்தான் வரி கட்டியாக வேண்டும். இரண்டாவது, பங்குகளையோ மியூச்சுவல் ஃபண்டு யூனிட்டுகளையோ நஷ்டத்துக்கு விற்றிருந்தால், அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளின் மூலதன ஆதாயத்தில், அதாவது பங்கு, சொத்து போன்றவற்றை விற்ற லாபத்தில், கழித்துக்கொள்ளும் உரிமையும் போய்விடும். டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு தாக்கல் செய்யலாம். ஆனால் இந்த இரண்டும் அப்போது திரும்பக் கிடைப்பதில்லை.

ஆகவே கடைசி வாரத்தில் வேலை செய்பவர் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தாக்கல் செய்த கணக்கில் விட்டுப்போன ஒரு விவரத்தைத் திருத்திய கணக்கின் மூலம் பிறகு சரிசெய்ய முடியும். கடந்துபோன கெடுவைச் சரிசெய்ய வழியில்லை. வருமானத்தை முழுமையாகக் காட்டுங்கள். கையில் ஆதாரம் இருக்கும் கழிவுகளை மட்டும் கேளுங்கள். தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். எல்லாக் காகிதமும் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதைவிட இதுவே பாதுகாப்பானது.

யார் தாக்கல் செய்ய வேண்டும்

வரி வராதே, பிறகு எதற்குக் கணக்கு என்ற கேள்வி, குறிப்பாக இந்த ஆண்டு, நிறையப் பேரிடமிருந்து வருகிறது. புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறது. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்வதால் 12.75 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் வரி இல்லை என்பதால் தாக்கல் செய்யத் தேவையில்லை என்று ஆகிவிடாது. கழிவுகளுக்கு முன்னுள்ள வருமானம் அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே இருந்தாலும், ஆண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்களும், மின்கட்டணமாக 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர்களும், சேமிப்புக் கணக்குகளில் மொத்தம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் செலுத்தியவர்களும், 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டிடிஎஸ் (சம்பளமோ வட்டியோ தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் வரி) பிடிக்கப்பட்டவர்களும் தாக்கல் செய்தாக வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இந்த டிடிஎஸ் வரம்பு 50,000. பிடித்த டிடிஎஸ் தொகையைத் திரும்பப் பெறவும் இதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் சேகரிக்க வேண்டியவை

அலுவலகம் தரும் ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் கையில் இருக்க வேண்டும். அதன் முதல் பகுதியில் எந்தக் காலாண்டில் எவ்வளவு டிடிஎஸ் பிடித்து அரசுக்குச் செலுத்தினார்கள் என்பதும், இரண்டாம் பகுதியில் சம்பளத்தின் உட்பிரிவுகளும் அலுவலகம் ஏற்றுக்கொண்ட கழிவுகளும் இருக்கும். அது வராவிட்டால் தாக்கல் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் 26ஏஎஸ் அறிக்கையையும் வைத்துக் கணக்கைத் தயாரித்துவிடலாம்.

அடுத்து, வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்து, 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். 26ஏஎஸ் என்பது உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வரியின் பதிவேடு. ஏஐஎஸ் அதைவிட விரிவானது. வங்கி வட்டி, பங்கு விற்பனை, ஈவுத்தொகை, மியூச்சுவல் ஃபண்டு, சொத்து வாங்கல் விற்றல் என்று வெளியார் துறைக்குத் தெரிவித்த எல்லாம் அதில் இருக்கும். உங்களைப் பற்றித் துறைக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன என்பதைக் காட்டும் இந்த அறிக்கையைப் பார்க்காமல் கணக்கைத் தாக்கல் செய்யவே கூடாது.

தளத்தின் கடவுச்சொல்லை இப்போதே சோதித்துப் பாருங்கள். பலருடைய கணக்கில் பழைய கைப்பேசி எண்ணோ, முன்பு தாக்கல் செய்து கொடுத்த ஆடிட்டரின் எண்ணோ பதிவாகியிருக்கும். ஓடிபி அங்கே போகும். ஆதாரில் இணைத்த எண் செயல்பாட்டில் இருக்கிறதா, பான் எண்ணும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா, பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் ஜூலை 31 இரவில் பார்க்கக் கூடாது. வங்கிகள் இணைந்தபோது பல கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறிவிட்டது. பழைய குறியீட்டோடு கிடக்கும் கணக்குக்கு ரீஃபண்ட் வந்து சேராது.

வட்டியில்தான் அதிகம் தவறுகிறது

சம்பளத்தை மறைக்க எவராலும் முடியாது, மறப்பதும் இல்லை. விட்டுப்போவது வட்டிதான். பாஸ்புக்கை விரித்து ஏப்ரலிலிருந்து பாருங்கள். பெரும்பாலான வங்கிகளில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய காலாண்டு முடிவுகளை ஒட்டி நான்கு வரிகளில் சேமிப்புக் கணக்கு வட்டி வரவு வைக்கப்பட்டிருக்கும். 412 ரூபாய், 387 ரூபாய் என்று சிறு தொகைகளாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால் பன்னிரண்டு வரிகள். அவை எல்லாவற்றையும் கூட்டி, பிற வருமானம் என்ற பகுதியில் எழுத வேண்டும். பழைய முறையில் இருப்பவர்கள் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 80டிடிஏ பிரிவில் 10,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்கள் எல்லா வைப்பு வட்டிக்கும் 80டிடிபி பிரிவில் 50,000 ரூபாய் வரையும் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இந்த இரண்டும் கிடையாது.

நிரந்தர வைப்பில் இன்னொரு குழப்பம் உண்டு. முதிர்வின்போது மொத்தமாகத் தரும் வைப்பாக இருந்தாலும், ஆண்டுதோறும் சேரும் வட்டியை வங்கி துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. அது ஏஐஎஸ்ஸில் வந்துவிடும். பணம் கைக்கு வரவில்லையே என்று விட்டுவிட்டால், முதிரும் ஆண்டில் ஐந்தாண்டு வட்டி ஒரேயடியாகச் சேர்ந்து உயர்ந்த அடுக்கில் வரி விழும். டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதால் அந்த வட்டிக்கு வரி இல்லை என்று எண்ணுவதும் தவறு. ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள். மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு 1 லட்சம். வரம்புக்குக் கீழே உள்ள வட்டியும் வருமானம்தான்.

ஏஐஎஸ் சொல்வதெல்லாம் சரி என்றும் கொள்ள வேண்டாம். அப்பாவும் மகனும் கூட்டாக வைத்திருக்கும் வைப்பின் வட்டி முழுவதும் முதல் பெயருக்குரியவரின் பான் எண்ணில் ஏறியிருக்கும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய மனையின் முழு மதிப்பும் இருவர் அறிக்கையிலும் வந்திருக்கலாம். ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை பதிவாவதும் உண்டு. அப்படி இருந்தால், அந்தந்தப் பதிவிலேயே கருத்துத் தெரிவிக்கும் வசதியைப் பயன்படுத்தி, தகவல் முழுமையாகச் சரியல்ல என்றோ, வேறொரு பான் எண்ணுக்குரியது என்றோ, இரட்டைப் பதிவு என்றோ குறிப்பிடுங்கள். பிறகு கணக்கில் உண்மையான தொகையை எழுதுங்கள்.

இரண்டு அலுவலகம், இரண்டு ஃபார்ம் 16

ஆண்டின் நடுவே வேலை மாறியவர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டிய இடம் இது. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் செப்டம்பர் வரை வேலை பார்த்து 7 லட்சம் ரூபாயும், அக்டோபர் முதல் சென்னையில் வேறொரு நிறுவனத்தில் 8 லட்சம் ரூபாயும் சம்பளம் பெற்றவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரு நிறுவனங்களும் புதிய முறையில் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே 75,000 ரூபாயைக் கழித்து, 12 லட்சத்துக்குக் கீழ்தானே என்று வரியே பிடிக்கவில்லை. இரண்டு ஃபார்ம் 16-லும் வரி பூஜ்யம். பார்ப்பவர் நிம்மதியாகத்தான் இருப்பார்.

ஆனால் கணக்கில் இரண்டும் சேர்ந்து 15 லட்சம். நிலையான கழிவு ஒரு முறைதான், மிச்சம் 14.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000 ரூபாய். மீதி 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம், 33,750 ரூபாய். மொத்தம் 93,750, அதன்மேல் செஸ் என்ற 4 சதவீதக் கூடுதல் வரி 3,750 சேர்த்து 97,500 ரூபாய் வரி. ஆண்டுக்குள்ளேயே தவணைகளாகக் கட்ட வேண்டிய முன்கூட்டிய வரியைக் கட்டாததால் 234பி பிரிவின்படி ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாத வட்டி 3,900 ரூபாயும், தவணைகள் தவறியதற்காக 234சி பிரிவின்படி ஏறத்தாழ 4,900 ரூபாயும் கூடும். ஆக, பூஜ்யம் என்று நினைத்தவர் ஒரு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது. கெடுவுக்கு முந்தின நாள் இரவு இது தெரியவந்தால் பணத்துக்கு எங்கே போவது? அதனால்தான் வேலை மாறியவர்கள், வேறெதையும் செய்வதற்கு முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

எந்தப் படிவம்

சம்பளம் அல்லது ஓய்வூதியம், ஒரு வீடு, வட்டி, மொத்தம் 50 லட்சத்துக்குள் வருமானம், விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்குள் என்று இருக்கும் உள்நாட்டுவாசிக்கு ஐடிஆர்-1 போதும். பட்டியலிடப்பட்ட பங்குகளிலும் பங்குசார் ஃபண்டுகளிலும் கிடைத்த நீண்டகால ஆதாயம் (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபம்) 1.25 லட்சத்துக்குள் இருந்து, சுமந்துவரும் நஷ்டம் எதுவும் இல்லாவிட்டால் அதையும் இதிலேயே காட்டலாம். குறுகியகால ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-2 தான். நகையையோ மனையையோ விற்றவர்களும், பட்டியலிடப்படாத பங்கு வைத்திருப்பவர்களும், நிறுவன இயக்குநர்களும், வெளிநாட்டு நிறுவனம் தந்த பங்குகளை வைத்திருக்கும் ஐடி ஊழியர்களும் அப்படியே.

ஊரில் நிலம் வைத்திருக்கும் பலர் விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே என்று எழுதாமல் விடுகிறார்கள். அந்த வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் படிவம் ஐடிஆர்-2 ஆகிவிடும். மற்ற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், விவசாய வருமானத்தையும் சேர்த்து வரி விகிதத்தைக் கணக்கிடுவார்கள். நெல் விற்ற ரசீது, கொள்முதல் நிலையத்தின் வரவு, பட்டா, சிட்டா நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள். தினசரி பங்கு வர்த்தகமும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகமும் தொழில் வருமானமாகக் கருதப்படுவதால், அவற்றைச் செய்தவர்கள் இந்த வழிகாட்டியை நம்பாமல் ஆடிட்டரிடம் போவது நல்லது.

பழைய முறையா, புதிய முறையா

சம்பளம் மட்டும் உள்ளவருக்கு 12.75 லட்சம் வரை இந்தக் கேள்வியே தேவையில்லை. புதிய முறையில் வரி இல்லை. அதற்கு மேல் போனால் உட்கார்ந்து இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஊகத்தில் முடிவெடுத்தால் எவ்வளவு பிசகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

சென்னையில் வேலை பார்ப்பவருக்கு ஆண்டுச் சம்பளம் 18 லட்சம்; அதில் அடிப்படைச் சம்பளம் 9 லட்சம், வாடகைப் படி 4.5 லட்சம். மாதம் 35,000 ரூபாய் வாடகை கொடுக்கிறார். வாடகைப் படியில் விலக்கு என்பது மூன்று தொகைகளில் மிகக் குறைந்தது: வாங்கிய படி 4.5 லட்சம், கொடுத்த வாடகை 4.2 லட்சத்திலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த 3.3 லட்சம், சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதமான 4.5 லட்சம். மதுரையிலோ கோவையிலோ இருந்தால் இந்த மூன்றாவது 40 சதவீதம். ஆகவே விலக்கு 3.3 லட்சம். அதோடு நிலையான கழிவு 50,000, பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கு 80சி பிரிவில் 1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி பிரிவில் 25,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு 50,000 என்று எல்லாம் சேர்த்தால் கழிவு 6.05 லட்சம். மிச்சம் 11.95 லட்சத்துக்குப் பழைய முறையில் செஸ்ஸோடு 1,77,840 ரூபாய் வரி. புதிய முறையில் 75,000 மட்டும் கழித்து 17.25 லட்சத்துக்கு 1,50,800 ரூபாய். இத்தனை கழிவு இருந்தும் புதிய முறைதான் லாபம்.

இதே ஆள் திருநெல்வேலியில் அம்மா அப்பா இருக்க ஒரு வீடு கட்டி, அந்தக் கடனுக்கு ஆண்டில் 2 லட்சத்துக்குக் குறையாமல் வட்டி கட்டுகிறார் என்று வையுங்கள். வேலை நிமித்தம் வேறூரில் வாடகைக்கு இருப்பதால் இரண்டு சலுகையையும் அவர் சேர்த்தே பெறலாம். பழைய முறையில் வருமானம் 9.95 லட்சமாக இறங்குகிறது, வரி 1,15,960. இப்போது பழைய முறை 34,840 ரூபாய் குறைவு. இவர் ஜூலை 31-ஐத் தவறவிட்டால் அந்த 34,840 ரூபாயும், மேலே தாமதக் கட்டணம் 5,000 ரூபாயும் கையை விட்டுப் போகும்.

அலுவலகத்தில் பழைய முறையைச் சொல்லி டிடிஎஸ் பிடித்திருந்தாலும் படிவம் தானாகப் பழைய முறைக்கு மாறாது. புதிய முறையே இயல்பாக இருக்கும். அதிலிருந்து விலக விரும்புகிறீர்களா என்று படிவத்தின் தொடக்கத்தில் வரும் கேள்விக்கு ஆம் என்று பதில் தர வேண்டும். அலுவலகத்தில் புதிய முறையில் இருந்தவரும் இங்கே மாறிக்கொள்ளலாம்.

பழைய முறைக்குப் போகிறவர்கள், எண்ணை மட்டும் நிரப்பினால் படிவம் ஏற்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும், 80சி முதலீட்டுக்கு அதன் கணக்கு அல்லது பாலிசி எண்ணும், வீட்டுக் கடனுக்கு வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், கடன் தந்த தேதி, பாக்கித் தொகை ஆகியவையும் கேட்கப்படுகின்றன. வங்கியின் வட்டிச் சான்றிதழை முன்னதாகவே வாங்கி வையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள். கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத வாடகை, இல்லாத மருத்துவச் செலவு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை இப்படிப்பட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. போலிக் கோரிக்கைகளுக்கான ஆதாரங்கள் சிக்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தவறான தகவல் தந்து குறைத்துக் காட்டிய வருமானத்துக்குரிய வரியைப்போல இரு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கட்டப்போவது பான் எண்ணுக்குரியவரே, தரகர் அல்ல.

வரியைக் கட்டி, படிவத்தை நிரப்புதல்

பாக்கி வரி இருந்தால் படிவத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே கட்டிவிடுங்கள். தளத்திலேயே இணையவழி வரி செலுத்தும் பகுதி இருக்கிறது. அதில் சுயமதிப்பீட்டு வரி என்ற வகையைத் தேர்வு செய்ய வேண்டும். முன்கூட்டிய வரி என்று தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு அல்லாடுபவர்கள் உண்டு. ஆண்டைத் தேர்வதிலும் இந்த முறை கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 2026-27 வரி ஆண்டு என்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு. நீங்கள் தாக்கல் செய்வது 2025-26 வருமானத்துக்கு. பழைய 1961 சட்டத்தின்படி, வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டே மதிப்பீட்டு ஆண்டு என்பதால், அது 2026-27 மதிப்பீட்டு ஆண்டு. எண் ஒன்றாக இருப்பதால் மாற்றிக் கட்டிவிட்டால், கட்டிய பணம் இந்தக் கணக்கில் வராது.

கட்டி முடித்ததும் அதற்கான ரசீதான சலான் கிடைக்கும். அதிலுள்ள ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடு (வங்கிக் கிளையின் அடையாள எண்), தேதி, ஐந்து இலக்கச் சலான் எண், தொகை ஆகிய நான்கையும் படிவத்தின் வரி செலுத்திய பகுதியில் எழுத வேண்டும். 26ஏஎஸ்ஸில் அந்தத் தொகை ஏறச் சில நாட்கள் ஆகலாம். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, கையால் பதியலாம்.

படிவத்தில் சம்பளமும் வட்டியும் டிடிஎஸ்ஸும் தாமாகவே நிரப்பப்பட்டிருக்கும். ஃபார்ம் 16-ஐ அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது அலுவலகத்தின் சம்பளம் பல சமயம் வராமலே இருக்கும். மியூச்சுவல் ஃபண்டு ஆதாயத்துக்கு ஏஐஎஸ் காட்டும் வாங்கிய விலையை அப்படியே எடுக்காமல், ஃபண்டுகளின் முதலீட்டாளர் பதிவேட்டைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் நிறுவனம் தரும் மூலதன ஆதாய அறிக்கையைக் கொண்டு எழுதுங்கள். இந்த ஆதாயங்களுக்குத் தனி விகிதத்தில் வரி உண்டு: பங்குகளிலும் பங்குசார் ஃபண்டுகளிலும் குறுகியகாலத்துக்கு 20 சதவீதம், நீண்டகாலத்தில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம். புதிய முறையில் 87ஏ தள்ளுபடி இந்தத் தனி விகித வரிக்குப் பொருந்தாது. ஆகவே மொத்த வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் பங்கு விற்றவருக்குக் கொஞ்சம் வரி வரலாம்.

சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள், ஆனால் 26ஏஎஸ்ஸில் இல்லை என்றால், அலுவலகம் அதை அரசுக்குச் செலுத்தவில்லை அல்லது தங்கள் டிடிஎஸ் அறிக்கையில் உங்கள் பான் எண்ணைப் பிழையாகப் பதிந்திருக்கிறது என்று பொருள். உடனே கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதித் திருத்தச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். அது சரியாகும்வரை கெடுவைக் கடத்தக் கூடாது. உண்மையில் பிடித்த தொகையைக் கணக்கில் காட்டித் தாக்கல் செய்யுங்கள். துறையிலிருந்து பாக்கி என்று அறிவிப்பு வந்தால், சம்பளச் சீட்டுகளையும் ஃபார்ம் 16-ஐயும் இணைத்து மறுப்புத் தெரிவியுங்கள். ஊழியரிடமிருந்து பிடித்துவிட்ட வரியை அவரிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது.

கடைசி இரண்டு நாளில் மாலை முதல் நள்ளிரவு வரை தளம் திணறும். ஓடிபி வரத் தாமதமாகும். அதிகாலையில் உட்கார்ந்தால் வேலை விரைவாக நடக்கும். ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடன் வரைவாகச் சேமியுங்கள். இடையில் தளம் வெளியே தள்ளிவிட்டாலும் நிரப்பியது நிற்கும்.

சரிபார்க்காமல் முடியாது

சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இ-சரிபார்ப்பு செய்யாத கணக்கு, தாக்கல் செய்யாத கணக்குக்குச் சமம். ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங், சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கு அல்லது டிமேட் கணக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியே இதைச் செய்யலாம். எதுவும் இயலாதவர்கள் ஐடிஆர்-வி என்ற சரிபார்ப்புப் படிவத்தை அச்செடுத்து, நீல மை பேனாவால் கையெழுத்திட்டு, பெங்களூரிலுள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அந்த முகவரியின் பின்கோடு 560500.

இதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஜூலை 31 இரவு சமர்ப்பித்து, ஓடிபி வராமல் போனாலும், ஆகஸ்ட் 30-க்குள் சரிபார்த்துவிட்டால் ஜூலை 31 தாக்கல் செய்ததாகவே கொள்வார்கள். 30 நாள் தாண்டினால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும், கெடுவுக்குள் பாடுபட்டுச் சமர்ப்பித்தது தாமதக் கணக்காக மாறும், கட்டணமும் வந்துசேரும். ஊரில் இருக்கும் வயதான பெற்றோருக்குப் பிள்ளைகள் வெளியூரிலிருந்து தாக்கல் செய்து கொடுக்கும்போது இது அடிக்கடி விட்டுப்போகிறது. அம்மாவின் ஆதாரில் இணைத்த கைப்பேசி அப்பாவிடம் இருக்கும். அவர் வயலில் இருப்பார். எந்த நேரத்தில் ஓடிபி வரும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, சமர்ப்பித்த கையோடு சரிபார்த்துவிடுங்கள்.

அதன் பிறகு ஒப்புகைச் சீட்டையும் தாக்கல் செய்த படிவத்தையும் பதிவிறக்கி, ஃபார்ம் 16, சலான், வட்டிச் சான்றிதழ், வாடகை ரசீது ஆகியவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். சில நாட்களிலோ வாரங்களிலோ 143(1) பிரிவின் கீழ் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதில் நீங்கள் கணக்கிட்டதும் துறை கணக்கிட்டதும் இரண்டு பத்திகளாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வேறுபட்டால் எந்த வரியில் வேறுபடுகிறது என்று பார்த்து, துறை சொல்வது சரியென்றால் கட்டிவிட்டு, தவறென்றால் தளத்திலேயே திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். ரீஃபண்ட் வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்தி வங்கி விவரம் கொடுங்கள் என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திறக்கவே வேண்டாம். ரீஃபண்டின் நிலையை இ-ஃபைலிங் தளத்துக்குள் நுழைந்து மட்டுமே பார்க்க வேண்டும். பணம் ஏற்கெனவே சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிடும்.